மலை நிழல் வராத சாயங்காலம்

டமார் என்று வெடித்தது.

நீலாஞ்சனா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். மிக்சி நின்றுவிட்டது. ஃபேன் நின்றுவிட்டது. கடைத்தெரு முனையில், டிரான்ஸ்பார்மர் இருக்கும் பக்கம், கறுப்புப் புகை சுருண்டு எழுந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக அவ்வளவுதான் தெரிந்தது. தூசு வரும் என்று ஐந்து வருஷமாக அந்த ஜன்னலை அவள் திறந்ததில்லை.

டிரான்ஸ்பார்மருக்கு நேரெதிர் மாடியில்தான் அபாகஸ் கிளாஸ். கிளாஸில் ரம்யா.

மணி ஐந்து ஐந்து.

அடுப்பை அணைத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். செருப்பு மாட்டியதுகூட நினைவில்லை. போன் மட்டும் கையில் இருந்தது. கடைத்தெருவில் ஆட்கள் கும்பலாக நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் ஈ.பி.க்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். நீலாஞ்சனா கும்பலைப் பிளந்துகொண்டு ஓடி, மாடிப்படிக்குத் திரும்பினாள்.

படியின் அடியில் இருந்த இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. பூட்டின் மேல் தூசு. கதவில் கட்டியிருந்த அட்டையில் 'வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. எழுத்து வெயிலில் வெளுத்திருந்தது.

"பயப்படாதீங்கம்மா, அணிலு மாட்டிக்கிச்சி. அவ்ளோதான். பாவம், அணிலுதான் போச்சி."

படிக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் தங்கராஜ் எட்டிப் பார்த்தான். தோளில் அளவு நாடா.

"மேல யாரப் பாக்கணும்?"

"என் பொண்ணு... அபாகஸ் கிளாஸ்ல..."

"அபாகஸா? அது ஆடி மாசமே காலி பண்ணிட்டாங்களே! டீச்சர் கல்யாணம் ஆயி ஓசூர் பக்கம் போயிட்டாங்க."

நீலாஞ்சனா பூட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஐப்பசி முடியப் போகிறது. மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. தினமும் நாலே கால் மணிக்குப் பாலைக் குடித்துவிட்டு, அபாகஸ் பையை மாட்டிக்கொண்டு, "கிளாஸுக்குப் போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ரம்யா கிளம்புகிறாள். இன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினாள்.

"தினமும் இங்கதானே வரா?"

"வரும். இந்தப் படியிலதான் குந்தும். உங்க வீட்டுக்காரரு அரிசி மண்டியிலேர்ந்து பைக்ல வருவாரு. ரெண்டு பேரும் கோட்டை ரோட்டுல போவாங்க. அஞ்சே காலுக்கெல்லாம் திரும்பிடுவாங்க. பாப்பா முடியெல்லாம் புல்லு ஒட்டிக்கினு இருக்கும். நாங்கூட கேப்பேன், 'இன்னா பாப்பா, உங்க கிளாஸ்ல கணக்கு சொல்லித் தராங்களா, களை எடுக்கச் சொல்லித் தராங்களா?'ன்னு." தங்கராஜ் சிரித்தான். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"இன்னிக்கு?"

"இன்னிக்கு அவரக் காணோம். பாப்பா கொஞ்ச நேரம் பாத்துச்சி. அப்புறம் தனியா நடந்து போச்சி. 'மூட்டமா இருக்குது, கொடை இருக்குதா பாப்பா?'ன்னு கேட்டேன். கைய ஆட்டிட்டுப் போயிடிச்சி."

ரம்யாவுக்கு ஒன்பது வயது. இந்தக் கிளாஸைத் தவிர, தெருமுனைக் கடைக்குக்கூட அவள் தனியாகப் போனதில்லை, நீலாஞ்சனா விட்டதில்லை. நாலு வயதில், ஒரு மார்கழி விடியற்காலையில், வீசிங் வந்து உதடெல்லாம் நீலமாகி, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்த பிள்ளை அவள். குளிர்ந்த காற்றும் ஈரமும் சேர்ந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். உடனே வாயில் மருந்துப் பம்ப் அடிக்க வேண்டும்.

நீலாஞ்சனா புருஷனுக்குப் போன் போட்டாள். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அஜிதன் எடுத்தான். பின்னால் மணிச் சத்தம் கேட்டது. மேல்சித்தாமூர் மடத்துக்குப் புது அரிசி கொண்டு போயிருந்தான் அவன்.

"ரம்யா எங்கங்க?"

"வீட்லதானே இருக்கா?"

"நான் அபாகஸ் கிளாஸ் வாசல்ல நிக்கறேன்."

மணிச் சத்தம் தள்ளிப் போனது. அவன் வெளியே நடப்பது கேட்டது.

"நீலா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"எங்க போனா? அத மட்டும் சொல்லுங்க."

"பாறை ஏரி. கோட்டை ரோட்டுல போயி, வெளி மதிலு தாண்டினதும் எடது பக்கம் மண் ரோடு. அங்கதான் வெளையாடுவா. நான் கூடவே இருப்பேன் நீலா, கரையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். இன்னிக்குப் போக வேணாம், கிளாஸ் லீவுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வீட்லயே இருன்னு காலைலயே சொன்னேன். தலைய ஆட்டினா."

"பம்ப் எங்க?"

அவன் எதையோ தடவித் துழாவும் சத்தம் கேட்டது.

"பம்ப் எங்கங்க?"

"என் சட்டைப் பையில இருக்குது."

அவள் போனை வைத்துவிட்டாள். புறங்கையில் முதல் தூறல் விழுந்தது.

மருந்துக் கடை நாலு கடை தள்ளி. கரண்ட் இல்லாமல் உள்ளே கும்மிருட்டு. கடைக்காரர் செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு தட்டாகத் தடவினார்.

"டாக்டர் சீட்டு இருக்குதாம்மா?"

நீலாஞ்சனா போனில் இருந்த சீட்டுப் படத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இறக்கினார். மேல் தட்டில் தேடினார், பிறகு கீழ்த் தட்டில். "நேத்துகூடப் பாத்தேனே..." என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். நீலாஞ்சனா கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்துவிட்டாள். கண்ணுக்கு நேராக மூன்றாவது தட்டில் இருந்தது அந்த நீல டப்பா. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"எம்மோவ்!" என்று பின்னால் குரல் வந்தது.

ஆட்டோ ஸ்டாண்டில் நெடுமாறன் சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தான். இரண்டு தெரு தள்ளி இருப்பவன். இவள் ஓடி வருவதைப் பார்த்ததும் எழுந்தான்.

"எங்கக்கா?"

"பாறை ஏரி."

"இந்நேரத்துக்கா? அங்க இன்னாக்கா இருக்குது?"

"என் பொண்ணு."

நெடுமாறன் அதற்குமேல் கேட்கவில்லை. ஆட்டோ உறுமிக்கொண்டு கிளம்பியது.

ஐந்து இருபது. சாதாரண நாளில் இந்நேரம் வீட்டில் தட்டு போட்டிருப்பாள். அவர்கள் நயினார் வீடு, தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். ஐந்தரைக்கு அப்பாவும் பெண்ணும் ஒன்றாக வருவார்கள். மண்டியிலிருந்து வரும் வழியில் கிளாஸிலிருந்து கூட்டி வந்ததாக அஜிதன் சொல்வான். ரம்யா கைகால் கழுவித் தலை வாரிப் பளிச்சென்று இருப்பாள். மண்டிக் குழாயில் கழுவிவிட்டிருக்கிறான்! இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

போன வருஷம் முழுக்க ரம்யாவுக்குக் காலையில் வயிற்று வலி. ராத்திரியில் தூக்கம் கிடையாது. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். ஆறு மாதத்தில் இரண்டு தடவை கண்ணாடி பவர் ஏறியது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமே இல்லை. கடைசியில் புதுச்சேரியில் ஒரு குழந்தை டாக்டரம்மா ரிப்போர்ட்டையெல்லாம் மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இவ வெளிய வெளையாடி எத்தனை நாளாச்சு?"

நீலாஞ்சனா பழைய வீசிங் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"வீசிங்குக்கு மருந்து இருக்கு. நான் சொன்ன மாதிரி குடுங்க, பம்ப் கையோட இருக்கட்டும். ஆனா அதுக்காகப் பொண்ண அடைச்சு வெக்காதீங்க. தினமும் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், வெளிச்சத்துல, மண்ணுல, மரத்தடியில ஓட விடுங்க. கண்ணுக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது."

திரும்பும் வழியில் பஸ்ஸில் நீலாஞ்சனா, "அந்தம்மாவுக்கென்ன? அன்னிக்கு விடியக்காலம் அந்த உதட்டப் பாத்தது நான்தானே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். மறுவாரமே அபாகஸில் சேர்த்தாள். மூடின ரூம், மூடின ஜன்னல், தூசு கிடையாது.

ஆடிக்குப் பிறகு பிள்ளை மாறிப்போனாள். இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். எட்டு மணிக்கெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். போன மாதம் கண் டாக்டர், பவர் ஏறவில்லை என்றார். நீலாஞ்சனா எதிர்வீட்டு அமலாவிடம், "மூளைக்கு வேலை குடுத்தா வயித்து வலியெல்லாம் ஓடிடுது. உன் பையனையும் அபாகஸ்ல சேத்து விடு" என்று சிபாரிசு வேறு செய்திருந்தாள்.

ஆட்டோ வெளி மதிலைத் தாண்டியது. தூறல் மழையாகத் தடித்தது.

"நேத்து ராத்திரி மேற்கால நல்ல மழைக்கா," என்றான் நெடுமாறன், முன் கண்ணாடியைக் கையால் துடைத்தபடி. "மத்தியானம் ஒருத்தர ஏத்திக்கினு வந்தேன். பாறை ஏரி ரொம்பிடிச்சி, சாயங்காலத்துக்குள்ள கோடி போவும்னாரு."

ஏரி நிரம்பி வழிந்து ஓடும் இடம் கோடி. நீலாஞ்சனாவின் கையில் இருந்த டப்பா நெளிந்தது.

"வேகமா போப்பா."

"இதுக்கு மேல போனா ஆட்டோவ நாம தூக்கிக்கினு போவணும்க்கா."

மண் ரோட்டில் இருநூறு அடி போனதும் அதுதான் நடந்தது. பின் சக்கரம் சேற்றில் இறங்கிச் சுற்றியது. நீலாஞ்சனா குதித்து ஓட ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் கரும்பு. மழையில் எதிரே ராஜகிரி மலை பாதிதான் தெரிந்தது. உச்சி மேகத்துக்குள் இருந்தது. செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். அதற்கப்புறம் வாசற்படி தாண்ட விடக் கூடாது. ஸ்கூலுக்கு நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டி வர வேண்டும். ஓட ஓட அதையே சொல்லிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் பத்துப் பதினைந்து ஆடுகளோடு ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தாள்.

"ஒரு சின்னப் பொண்ணு... கண்ணாடி போட்டிருக்கும்... ஸ்கூல் யூனிபார்ம்..."

அவள் நீலாஞ்சனாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அரிசிக்காரரு பொஞ்சாதியா நீ? மூணு மாசமா வருது உம்பொண்ணு. நீ இப்பத்தான் வர."

"எங்க அவ?"

"மழை புடிச்சதும் பசங்கல்லாம் ஓடிப் பூட்டானுங்க. உம்பொண்ணு மட்டும் கோடியாண்ட பாறைமேல குந்திக்கினு கெடக்குது. 'வாடி, போலாம்'னா வரல. நிழலு வரணுமாம். இன்னா நிழலோ, இன்னா எழவோ. நான் ஆட்ட ஓட்டி வுட்டுட்டு இழுத்துக்கினு போலாம்னுதான்..."

நீலாஞ்சனா கரைமேல் ஏறியிருந்தாள். சாக்குக்காரியும் ஆடுகளை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். அவள் பெயர் வள்ளியம்மாள் என்பது நீலாஞ்சனாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கரை முடியும் இடத்தில் கோடி. கரைக்கும் எதிரே இருந்த பெரிய பாறைக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும். அந்த இடைவெளியில் தண்ணீர் பழுப்பாக வழிந்து, கீழே வாய்க்காலில் இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது. குறுக்கே வரிசையாக எட்டுப் பத்துக் கற்கள். சிலது தண்ணீருக்கு மேல் ஒரு விரற்கடை தெரிந்தது. சிலது தெரியவே இல்லை.

பாறையின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு, அபாகஸ் பையை மடியில் வைத்து, இந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி ரம்யா உட்கார்ந்திருந்தாள். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலாஞ்சனா வாயைத் திறந்தாள். வள்ளியம்மாளின் கை வந்து வாயைப் பொத்தியது. ஆட்டு வாடை அடித்தது.

"கத்தாத. சட்டுனு எழுந்துச்சின்னா வழுக்கும்."

நீலாஞ்சனா கையைத் தள்ளிவிட்டு ஒரு காலைத் தண்ணீரில் வைத்தாள். வள்ளியம்மாள் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள்.

"பாசிம்மா! நீ எறங்கினா நீ போவ. உன்னப் புடிக்கிறேன்னு அது எறங்கும். ரெண்டு பேரையும் எங்க போயித் தேடறது?"

"அப்ப நீங்க போங்க! போங்களேன்!"

"என் எடைக்குக் கல்லு பொரண்டுடும். அதுவேதான் வரணும். அதுக்குத் தெரியும். மூணு மாசமா இதே வேலதான் அதுக்கு. நீ சும்மா இரு. அது ஒண்ணுதான் இப்ப உன் வேல."

வள்ளியம்மாள் நாக்கை மடக்கி, ஆட்டைக் கூப்பிடுவதுபோல் 'ட்ர்ர்ர்ரே' என்று ஒரு சத்தம் கொடுத்தாள். ரம்யா மெதுவாகத் திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"ஏய் கண்ணாடி!" என்றாள் வள்ளியம்மாள், சந்தையில் கூப்பிடுவதுபோல் சாதாரணமாக. "உங்கம்மா வந்துகீது. வூட்டுக்குப் போலாம், வா. எந்தக் கல்லு ஆடும்?"

"நாலாவது!"

"அத்த வுட்டுட்டு வா. அவசரம் இல்ல."

ரம்யா கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டாள். ஷூவைக் கழற்றினாள். இரண்டு நாடாவையும் முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பையை முதுகில் போட்டாள். ஒவ்வொன்றையும் அவள் செய்யச் செய்ய, தண்ணீர் ஏறுகிறதா என்று நீலாஞ்சனா ஒரே கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறுகிறது. விரற்கடை அரை விரற்கடையாகியிருந்தது.

முதல் கல்.

இரண்டாவது கல். இரண்டு காலும் சேர்ந்த பிறகுதான் அடுத்ததைத் தேடினாள்.

மூன்றாவது கல்லில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு? வீசிங்கா? ஏன் உக்காந்துட்டா?" நீலாஞ்சனா வள்ளியம்மாளின் காதோரம் கேட்டாள்.

"நாலாவது ஆடும்ல? அதான், எட்டி வெக்க எடம் பாக்குது."

ரம்யா தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினாள். இருந்த இடத்திலிருந்து ஒரு காலை நீட்டி, ஐந்தாவது கல்லைத் தொட்டாள். எடுத்தாள். மறுபடி தொட்டாள். தண்ணீர் கணுக்காலைத் தள்ளியது. கால் ஒரு சாண் நகர்ந்தது. நீலாஞ்சனா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இன்னொரு கையில் பம்ப் டப்பா கசங்கிக் கூழாகியிருந்தது.

பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. நெடுமாறன். "அக்கா..." என்று ஆரம்பித்தான். வள்ளியம்மாள் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

ரம்யா நாலு காலில் குரங்கு மாதிரி குனிந்தாள். கைகளை முதலில் ஐந்தாவது கல்லில் ஊன்றினாள். உடம்பு நீண்டது. பை ஒரு பக்கம் சரிந்தது. ஒரு கால் காற்றில். ஒரு கால் தண்ணீரில்.

வந்துவிட்டாள். ஐந்தாவது கல்லில் இருந்தாள்.

அதற்கப்புறம் ஆறு, ஏழு. தண்ணீருக்குள் மறைந்துவிட்ட எட்டாவது கல்லை அவள் பார்க்கக்கூட இல்லை. அது எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரிந்திருந்தது. வள்ளியம்மாள் கையை நீட்டினாள். ரம்யா அதைப் பிடித்துக் கரையில் குதித்தாள்.

நீலாஞ்சனா மண்ணில் மண்டியிட்டுப் பிள்ளையை இழுத்து அணைத்தாள். அணைத்த கையாலேயே முதுகில் ஓர் அடி வைத்தாள். பம்பை எடுத்துக் குலுக்கி வாயில் வைக்கப் போனாள். ரம்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு வீசிங் இல்லம்மா."

நீலாஞ்சனா அவள் முதுகில் காதை வைத்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு வேகமாக வந்தது, வேகமாகப் போனது. விசில் இல்லை. இன்னும் அழுத்திக் கேட்டாள். இல்லை. இரைத்துக்கொண்டிருந்தது நீலாஞ்சனாவின் மூச்சுதான்.

"ஏன்டி அங்க உக்காந்திருந்த? இவங்க கூப்பிட்டாங்கல்ல? மழை வருதுல்ல?"

"நிழல் வரலையேம்மா."

"என்ன நிழல்?"

"நைனா சொல்லியிருக்காரு. மலையோட நிழல் வந்து ஏரிக்கரையத் தொட்டா உடனே கெளம்பணும். அப்பதான் பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட முடியும். தினமும் நான்தான் பாத்துச் சொல்லுவேன். இன்னிக்கு நைனா இல்லல்ல? அதனால ரொம்பக் கவனமாப் பாத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்ல."

"அடிப் பைத்தியமே!" வள்ளியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மூட்டம் போட்டா நிழலு எங்கிருந்துடி வரும்?"

நீலாஞ்சனா அண்ணாந்து பார்த்தாள். கிழக்கிலிருந்து மேற்குவரை வானம் ஒரே சாம்பல் போர்வை. காலையிலிருந்தே வெயில் இல்லை. நிழலும் இல்லை. வராத நிழலுக்காகப் பிள்ளை காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் ஒழுங்காக, சொன்ன சொல் தவறாமல். பொழுதை வைத்துச் சாப்பிடும் வீட்டில், பிள்ளைக்குப் பொழுதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மணி பார்க்க ஒரு வாட்ச் வாங்கிக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

போன் அடித்தது. அஜிதன். நீலாஞ்சனா எடுத்து, "இருக்கா. நல்லா இருக்கா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. கட் செய்துவிட்டாள். அவனிடம் பேச நிறைய இருந்தது, இப்போது முடியாது.

நெடுமாறன் தன் சட்டையைக் கழற்றி ரம்யாவின் தலையில் போட்டான். "வாக்கா, நானும் கரும்புக் கொல்லையில இருந்த தம்பிங்களும் தூக்கி விட்டுட்டோம், வண்டி ரோட்டுல நிக்குது" என்று முன்னால் நடந்தான். வள்ளியம்மாள் ஆடுகளைத் தேடிக்கொண்டு கரை இறங்கினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "வூட்டுல போயி அடிக்காத," என்று கத்தினாள். "இங்க வந்தப்ப நாலு எட்டு வெச்சா இரைச்சிக்கினு குந்திக்கும் அது. இப்ப எங்க ஆட்ட முந்தி ஓடுது."

நீலாஞ்சனா ரம்யாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரும்புக்கு நடுவே நடந்தாள். மழை குறைந்திருந்தது.

"இனிமே இங்க வரக் கூடாது. புரியுதா?"

ரம்யா தலையை ஆட்டினாள். காலையில் அப்பாவுக்கு ஆட்டினாளே, அதே ஆட்டல்தான் என்று நீலாஞ்சனாவுக்குப் பட்டது.

"வாயத் தொறந்து சொல்லு. வருவியா?"

"வருவேம்மா."

பளிச்சென்று வந்த பதில். பயமில்லாமல், திமிரில்லாமல். நீலாஞ்சனா நின்றுவிட்டாள். இப்படி நேருக்கு நேராக இந்தப் பிள்ளை பேசிக் கேட்டதே இல்லை. குனிந்து ஈரத் தலையைத் துவட்டினாள். கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. அதன் கீழ் தோல் வெயிலில் கறுத்திருந்தது. மூன்று மாதமாகத் தினமும் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டவளுக்கு அந்தக் கறுப்பு கண்ணில் படவில்லை. பவுடர் போட்டு மறைத்திருப்பான் அஜிதன்.

"ஏன் ரம்யா? வழுக்குற கல்லு, சேறு, ஆடு. வீட்ல இல்லாதது இங்க என்ன இருக்குது? அம்மாகிட்ட சொல்லு, நான் திட்டல."

ரம்யா கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து, ஈரச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டாள். அம்மாவை நன்றாகப் பார்த்தாள்.

"நைட்டு நான் தூங்குறேனான்னு வந்து என் மூக்குகிட்ட விரல் வெச்சுப் பாப்பியே, அப்பல்லாம் நீ பயப்படக் கூடாதுன்னு முழிச்சிக்கிட்டே படுத்திருந்து நல்லா மூச்சு விட்டுக் காட்டுவேன், இங்க யாருக்கும் மூச்சு விட்டுக் காட்ட வேணாம்மா."